முப்பது ரூபாய்க்குச் சோறு வறுத்த கதை

பாஸ்ட்ஃபுட் கடை வேலை என்றால் முக்கால்வாசி பூண்டு உரிப்பதுதான். இப்போதும் மடியில் ஒரு முறம் பூண்டு இருக்கிறது. பத்துப் பல் உரித்ததும் கையைத் துடைத்துவிட்டு நாலு வரி எழுதுகிறேன், மறுபடியும் உரிக்கிறேன். தாளில் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு எங்கள் கடை என்றால் மாஸ்டர் சட்டியைத் தூக்கிப் போடுவதும், தீ ஓராள் உயரம் எழும்புவதும், கரண்டி டங்கு டங்கென்று அடிப்பதும்தான். அந்தத் தீக்குப் பின்னால் ஒருத்தி குனிந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

எனக்கு ஆட்களைக் கண்டால் சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் வாசிக்கும்போது ‘உள்ளேன்’ என்று சொல்ல வெட்கப்பட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் ஆனவள் நான். எட்டாம் வகுப்போடு நின்றும் விட்டேன். கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அவள் யு.கே.ஜி. போகிற வரைக்கும் வீட்டோடுதான் இருந்தேன். பிறகு பூதப்பாண்டியில் இந்தக் கடையில் காய் வெட்டவும் பூண்டு உரிக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். பேச வேண்டாம், வெட்டினால் போதும். இதைவிட நல்ல வேலை எனக்கு யார் தரப்போகிறார்கள்?

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். துபாயில் பதினோரு வருஷம் ஹோட்டலில் நின்றுவிட்டு வந்து, கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்தக் கடையைத் தொடங்கியவர். அடுப்பில் நிற்பவர் மாஸ்டர். கவுண்டரில் ஒரு பெண் நின்றாள். அவள் நாகர்கோவிலில் துணிக்கடை வேலை கிடைத்துப் போய்விட்டாள். “செல்வி பாத்துக்கிடுவா” என்று அண்ணாச்சி அதை என் தலையில் கட்டிவிட்டார். சரியாக அதே வாரத்தில் கேஸ் ஏறியது, எண்ணெய் ஏறியது, கோழி ஏறியது, எங்கள் கடையிலும் எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. விலை கொடுக்கிறவர்களின் கஷ்டத்தை எல்லாரும் பேசுகிறார்கள். அதை வாயால் சொல்கிறவளின் கஷ்டம், என்னைப் போலக் கவுண்டரில் நின்ற உங்களுக்குத்தான் தெரியும்.

விலை ஏறியதும் கூட்டம் இறங்கியது. ஒருநாள் அண்ணாச்சி காலியான பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கார்த்திகை முடியுற வரை பாப்பேன். அதுக்குப் பிறகு ஷட்டரை அந்தக் கவரிங் நகைக்கடைக்காரனுக்குக் குடுத்திருவேன். அவன் கேட்டுக்கிட்டே கிடக்கான்.” என் மகள் நித்யாவின் ஸ்கூல் வேன் தினமும் கடை வாசலில்தான் அவளை இறக்கிவிடும். சோடாப் பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் பக்கத்திலேயே வெங்காயம் அரிவேன். பிள்ளையையும் சேர்த்து வைத்துக்கொள்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும்?

எறும்பு போகிற வழி

எக் ரைஸ் எழுபதிலிருந்து தொண்ணூறு. சிக்கன் ரைஸ் நூற்றுப்பத்திலிருந்து நூற்றுநாற்பது. “வாசல் பலகையில எழுதி வையிட்டி” என்று அண்ணாச்சி சாக்பீஸை நீட்டினார். பெயர்களையெல்லாம் நன்றாகப் பெரிதாக எழுதினேன். விலைக்கு வரும்போது கை தன்னாலே சுருங்கிவிட்டது. தொண்ணூறு கொஞ்சம் சின்னது, நூற்றுநாற்பது அதைவிடச் சின்னது, சில்லி சிக்கன் விலையை எழுதி முடித்தபோது எனக்கே தெரியவில்லை. எழுத்து சின்னதாக இருந்தால் விலையும் சின்னதாகத் தோன்றும் என்று ஒரு நினைப்பு.

மறுநாள் பென்ஷன் வாங்குகிற சார் ஒருத்தர் வந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு பலகைக்கு நேரே போய் மூக்கை வைத்துப் பார்த்தார். திரும்பினபோது மூக்கு நுனியில் சாக்பீஸ் பொடி. என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏ மக்கா, இது விலையா, இல்ல எறும்பு போற வழியா?”

ஒன்பது விரல்

பலகையை அண்ணாச்சி துடைத்துவிட்டார். “எழுதவே வேண்டாம், கேக்கவங்ககிட்ட வாயால சொல்லு” என்றார். அது அதைவிட மோசம். மூன்று நாள் நான் விலை சொன்னதெல்லாம் என் முன்னால் இருந்த முட்டைக்கோசுக்குத்தான் கேட்டிருக்கும். குனிந்து அதனிடம்தான் சொல்வேன். வந்தவர்கள் “என்னது? என்னது?” என்பார்கள். முட்டைக்கோசு எடுத்துச் சொல்லாது.

பிறகு விரலைக் காட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, எக் ரைஸ் எவ்வளவு என்றார். நான் ஒன்பது விரலைக் காட்டினேன். தொண்ணூறு என்று விளங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என் விரல்களை நிதானமாக எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். முகமெல்லாம் மலர்ந்து, போனை எடுத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்: “அடியே, நீ சோறு ஆக்காத! இங்க ஒம்பது ரூவாய்க்கு முட்டைச் சோறு விக்கிறாங்க, பத்துப் பார்சல் கட்டிட்டு வாறேன்!”

ஆறு பேருக்கு ஐந்து துண்டு

முன்னால் கல்லூரிப் பையன்கள் ஆறு பேர் வந்தால் ஆறு ரைஸ், மூணு சில்லி சிக்கன், ஆளுக்கொரு கூல்டிரிங்ஸ். அதே ஆறு பேர் இப்போது வந்தார்கள். ஒரு சிக்கன் ரைஸ், ஆறு ஸ்பூன், ஆறு டம்ளர் தண்ணீர். வெங்காயமும் சாஸும் சும்மா கிடைக்கும் என்பதால் அது மட்டும் ஆறு பிளேட். வெங்காயத்தைத் தின்றே பாதி வயிறு நிரப்பினார்கள். ஆளுக்கொரு போன் மேசை மேல் இருந்தது. எங்கள் கடையில் ஒரு வருஷம் முழுக்கச் சாப்பிட்டாலும் ஒரு போன் விலை ஆகாது.

ரைஸ் வந்ததும் ஒருத்தன் ஸ்பூனால் கோடு போட்டு ஆறு பங்கு வைத்தான். நிலத்தை அளக்கிற சர்வேயர்கூட அவ்வளவு துல்லியமாக அளக்க மாட்டார். பிறகு கோழித் துண்டை எண்ணினார்கள். எண்ணி முடித்து, ஆறு தலையும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. தலைவன் மாதிரி இருந்தவன் சொன்னான்: “எக்கா, அஞ்சு துண்டுதான் இருக்கு. ஒண்ணு போட்டுத் தாங்க, இல்லேன்னா இவனைக் கொண்டு வீட்டுல விட்டுட்டு வாறோம்.”

கடலுக்கும் சேர்த்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பக்கத்து ஊர்க்காரர்கள்தான். காலையில் கன்னியாகுமரி போய், வட்டக்கோட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிள்ளைகள் தலையெல்லாம் மணல். வீட்டுக்காரர் சிக்கன் ரைஸ் விலை கேட்டார். அன்றைக்கு எனக்கு ஏதோ தைரியம், அரைச் சத்தத்தில் நூற்றுநாற்பது என்றேன். “பகல் கொள்ளையால்லா இருக்கு!” என்று அவர் துள்ளினார்.

அவர் மனைவி மெதுவாகச் சொன்னார், மத்தியானம் கடற்கரைப் பக்கம் இதே ரைஸை இருநூற்று முப்பது கொடுத்து, அதுவும் சிரித்துக்கொண்டே, போட்டோ வேறு எடுத்துச் சாப்பிட்டோமே என்று. அவர் அசரவில்லை. எங்கள் கடைக்கு எதிரே கட்டியிருந்த இரண்டு ஆட்டைக் கையால் காட்டிவிட்டுச் சொன்னார்: “அங்க கடல் தெரியுகு, பிள்ளே! இஞ்ச என்ன தெரியுகு?”

நாலாவது வாரம்

கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்களை நாங்கள் வாரக்கணக்கில் கண்டுபிடித்துவிடுவோம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அண்ணன் ஒருவர் மஸ்கட்டிலிருந்து வந்தார். முதல் வாரம் தெருவே மணக்கிற சென்ட் வாசனையோடு நாலு சிக்கன் ரைஸ் பார்சல், மீதிச் சில்லறை வேண்டாம், “நூத்திநாப்பதா? அங்க ஒரு சாயாவுக்கே இது போயிரும்” என்று ஒரே சிரிப்பு. எனக்கு அவரிடம் விலை சொல்ல வெட்கமே வராது. இரண்டாவது வாரம் இரண்டு சிக்கன், இரண்டு எக். மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டார். மூன்றாவது வாரம் ஒரு எக் ரைஸ். சில்லறையை எண்ணியும் பார்த்தார்.

நாலாவது வாரம் சென்ட் வாசனை இல்லை. சைக்கிளில் வந்து, காலை ஊன்றி நின்றபடியே கேட்டார்: “செல்வி, இந்த ஹாஃப் பிளேட்டுல ஹாஃப் உண்டா?”

கவர் மட்டும்

சாயங்காலம் ஒரு அக்கா வந்து, எங்கள் கடைப் பெயர் அடித்த பிளாஸ்டிக் பை ஒன்று, உள்ளே வைக்கிற சில்வர் கவர் ஒன்று, ரப்பர் பேண்ட் ஒன்று, இரண்டு சாஸ் பாக்கெட் கேட்டார். ரைஸ் எத்தனை என்று மாஸ்டர் கேட்டார். ரைஸ் வேண்டாம் என்றார். வீட்டில் பையன் கடைச் சோறு இல்லையென்றால் தட்டை எறிகிறானாம். அதனால் வீட்டிலேயே வறுத்து, கவரில் போட்டு, அப்பா வாங்கி வந்ததாகச் சொல்லிக் கொடுக்கப் போகிறாராம். பெற்றவள் கஷ்டம் எனக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கவர் வாங்க வந்தார். முகம் சரியில்லை. என்னிடம் சொல்லாமல் நேரே அடுப்புப் பக்கம் பார்த்துச் சொன்னார்: “அன்னைக்கு உங்க கடைச் சோத்துல உப்பு கூடிப்போச்சுன்னு பிள்ளை சொல்லுகான், கொஞ்சம் பாத்துப் போடும் மாஸ்டர்.”

ஆளுயரக் கண்ணாடி

ஐப்பசி பாதியில் அந்தக் கவரிங் கடைக்காரர் டேப்போடு வந்துவிட்டார். தங்கம் விற்கிற விலையில் கவரிங் கடை வைத்தால் ஜெயித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அது சரியான கணக்குதான். என் காதில் கிடப்பதும் கவரிங்தான். அண்ணாச்சி ஒரு நுனியைப் பிடிக்க, அவர் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு சுவர் சுவராக அளந்தார். என்னைத் தாண்டி அளக்க வேண்டியிருந்தபோது “கொஞ்சம் தள்ளும்மா” என்றார். நான் பூண்டு முறத்தோடு பிரிட்ஜை ஒட்டி நின்றேன். நித்யா சோடாப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதையும் அளந்து கொண்டு போய்விடுவார் என்பது போல.

அளந்து முடித்தவருக்கு என் முகம் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆறுதலாகச் சொன்னார்: “இந்தப் பிரிட்ஜ் நிக்க இடத்துல ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு வைக்கப் போறேன், தினமும் உன் முகத்தை நல்லாப் பாத்துக்கிடலாம்... ஆனா அப்ப நீ இஞ்ச இருக்க மாட்டேல்லா?”

பாக்கியம் மைனி

அண்ணாச்சி இப்போதெல்லாம் சாயங்காலம் கடையில் உட்காருவதில்லை. காலியான பெஞ்சைப் பார்த்தால் பிரஷர் ஏறுகிறது என்று வீட்டுக்குப் போய்விட்டு, எட்டு மணிக்கு வந்து பணப் பெட்டியை மட்டும் பார்ப்பார். அப்படி ஒரு நாள் பாக்கியம் மைனி வந்தார். என் வீட்டுக்காரருக்குத் தூரத்து உறவில் அண்ணி, எங்கள் தெருதான். கையில் ஒரு தூக்குவாளி. கவுண்டரில் டொக்கென்று வைத்துத் திறந்தார். உள்ளே மத்தியானம் மீந்த சம்பா அரிசிச் சோறு, மேலே மூன்று முட்டை, ஒரு கேரட்.

“இதை வறுத்துத் தா” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மைனி விளக்கினார். மில்லுக்கு அரிசி கொண்டு போனால் மாவாகத் திரித்துத் தருகிறான். கொப்பரை கொண்டு போனால் எண்ணெய் ஆட்டித் தருகிறான். அரிசி அவனுடையதா? கொப்பரை அவனுடையதா? கூலிதானே வாங்குகிறான்? அதே மாதிரி சோறும் முட்டையும் என்னுடையது. தீயும் சட்டியும் சாஸும் உங்களுடையது. முப்பது ரூபாய் கூலி. வேறு யாராவது கவுண்டரில் நின்றிருந்தால் “போங்க மைனி” என்று சொல்லியிருப்பார்கள். எனக்குத்தான் வாய் கிடையாதே! தூக்குவாளியைத் தூக்கி மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். சம்பா அரிசி, ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை பருமன். பாஸ்மதி கண்ட சட்டி அது. இரண்டு பிரட்டுக்கு ஒட்டிக்கொண்டு, மூன்றாவது பிரட்டுக்கு உருண்டையாகி, மேலே தூக்கிப் போட்டால் பந்து மாதிரி போய் அப்படியே கீழே வந்தது. மாஸ்டர் வியர்த்து, எண்ணெய் கூட்டி, ஒருவழியாக உதிர்த்துக் கொடுத்தார். மைனி ஒரு வாய் தின்று பார்த்தார். “கொள்ளாம். ஆனா நாளைக்குக் கொண்டு வருகது மரச்சீனிக் கிழங்கு, அதுக்குத் தக்கன கையைப் பழக்கி வையும் மாஸ்டர்.”

சட்டியைத் தட்டு

ஒரு தெருவுக்கு ஒரு மைனி போதும். மறுநாள் மூன்று தூக்குவாளி, அதற்கு மறுநாள் ஏழு. பழைய சோறு வந்தது, காலைப் புட்டு வந்தது, கல்யாண வீட்டில் மீந்த அவியல் கலந்த சோறுகூட வந்தது. அவியலில் சோயா சாஸ் ஊற்றினபோது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டில் பிள்ளைகள் தொட மாட்டேன் என்கிற சோற்றை இங்கே வந்து தீ காட்டிக் கொண்டு போனால் சண்டை போட்டுத் தின்கிறார்களாம்.

மில் பழக்கம் எல்லாம் கூடவே வந்துவிட்டது. மிளகாய் திரித்த மிஷினில் கோதுமை போடாதே என்று சண்டை பிடிப்பார்கள் அல்லவா, அதே மாதிரி “முந்தின ஆளு கருவாடு போட்டாளா? சட்டியைக் கழுவிட்டு என்னதைப் போடு” என்றார்கள். என் சோற்றை மாற்றிவிடாதே என்று அடுப்புப் பக்கத்திலேயே காவல் நின்றார்கள். மாவு விழுகிற துணிக்குழாயைக் கடைசியில் நாலு தட்டுத் தட்டி, ஒட்டின மாவையும் வாங்கிக்கொண்டு போகிற கூட்டம் இது. மாஸ்டர் ஒரு பெண்ணின் சோற்றைப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார். அவள் நகரவில்லை. சட்டியைக் காட்டிச் சொன்னாள்: “நல்லாத் தட்டும்! என்னது ரெண்டு பருக்கை அதுல ஒட்டிக்கிட்டு நிக்கு.”

சூப் வியாபாரம்

கூலிப் பணத்தை நான் ஒழுங்காகப் பெட்டியில் போட்டுவிடுவேன். ஆனால் அண்ணாச்சியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. கடையை மில் ஆக்கினேன் என்று தெரிந்தால் கார்த்திகை வரைகூட வைக்க மாட்டார். ஒருநாள் பெட்டியைப் பார்த்து, “இது என்னட்டி எல்லாம் முப்பது முப்பதா கிடக்கு?” என்றார். நான் முட்டைக்கோசைப் பார்த்தேன். எங்கள் கடையில் முப்பது ரூபாய்க்கு இருந்தது ஒன்றே ஒன்று. மாஸ்டர் சட்டென்று, “சூப்பு நல்லாப் போகு அண்ணாச்சி” என்றார்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் கோழிக்கடையிலிருந்து ஒரு சாக்கு எலும்பு வந்தது. சூப் ஒரு அண்டா கொதித்தது. வாங்க ஆள் இல்லை. பொய் வெளிவரக்கூடாது என்று மாஸ்டர் நாலு டம்ளர் குடித்தார், நான் மூன்று டம்ளர் குடித்தேன், என் வீட்டுக்காரருக்குப் பாட்டிலில் கொண்டு போனேன், எதிரே ஆட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்தோம். ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாவது நாள் நித்யா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு அழுதுகொண்டே சொன்னாள்: “எம்மா, நீ நிசத்தைச் சொல்லீரு, எனக்கு இனி சூப்பு முடியாது.”

வரிசையில் வை

கார்த்திகை பிறந்து பத்து நாள் இருக்கும். மில்லில் ஆள் நிற்க வேண்டியதில்லை, பாத்திரத்தை வரிசையில் வைத்துவிட்டு சாயா குடிக்கப் போகலாம். அன்றைக்கு எங்கள் கவுண்டரிலிருந்து வாசல் படி வரை தூக்குவாளி, டப்பா, எவர்சில்வர் போணி என்று பதினெட்டு பாத்திரம் வரிசையாக இருந்தது. பாத்திரக்காரிகள் எல்லாரும் எதிர்ப்பக்கம் நின்று கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். ஐந்தரை மணிக்கு! சூப் கூட்டத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, போகிற வேகத்துக்கு ஒரு அண்டா போதாது என்று இன்னொரு பெரிய அண்டாவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்.

நான் பிரிட்ஜுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது. அண்ணாச்சி அண்டாவோடு பாத்திரங்களைத் தாண்டிக் கால் வைத்ததும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். பாக்கியம் மைனி சேலையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். அண்ணாச்சியை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அண்டாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழியை மறித்தார்: “ஓய், கல்யாண வீட்டுச் சோத்தையா அப்படியே தூக்கிட்டு வந்திருக்கீரு? அதுக்கு ராத்திரி ஆயிரும், வரிசையில கடைசியில வையும்!”

கூலி

அண்டா கீழே இறங்கியது. “செல்வி” என்று ஒரு குரல். வந்து நின்றேன். பூண்டு முறம் கையில் இருந்தது; அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். நித்யா சோடாப் பெட்டியை விட்டு எழுந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் அடுப்பைக் குறைத்தார்.

“இஞ்ச என்ன மில்லா நடத்துகே?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.

“அப்ப சூப்பு?”

“நாங்கதான் குடிச்சோம், மாமா” என்றாள் நித்யா.

அண்ணாச்சி பதினெட்டுப் பாத்திரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒரு மூடியைத் திறந்து பார்த்தார். இன்னொன்றை முகர்ந்தார். இத்தனை நாள் காலியாகக் கிடந்த பெஞ்சில், மைனி பின்னால் ஓடி வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டதையும் பார்த்தார். இனி நித்யாவை எந்த வாசலில் வேன் இறக்கிவிடும் என்று என் மனம் ஓடியது. “கூலி எவ்வளவு வாங்குகே?” என்றார். முட்டைக்கோசு பக்கத்தில் இல்லை. அதனால் அவர் முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியதாகிவிட்டது. “முப்பது.” சத்தம் தெருவுக்கே கேட்டது. எனக்கு அவ்வளவு சத்தம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

“முப்பதா!” அண்ணாச்சி தலையில் கை வைத்தார். “கேஸ் விக்க விலையில முப்பதா வாங்குகே? கூறு கெட்டவளே, முப்பத்தஞ்சுன்னு சொல்லுட்டி!”

மாஸ்டர் அடுப்பைக் கூட்டினார். நான் வரிசையைப் பார்த்துத் திரும்பினேன். முதல் தூக்குவாளி பாக்கியம் மைனியுடையது. நேற்று வரை முப்பதுதானே என்று இடுப்பில் கை வைத்தார். முந்தின செல்வியாக இருந்தால் ஐந்து ரூபாயைத் தன் கையிலிருந்தே போட்டிருப்பாள். “கேஸ் கூடிப்போச்சு மைனி, இனி முப்பத்தஞ்சு. வேண்டாம்னா பாத்திரத்தை எடுங்க, பின்னால பதினேழு நிக்கு” என்றேன். மைனி என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “வாயில்லாதவளாச்சேன்னு உன்னை நம்பி வந்தேன் ஏட்டி, சவத்துக்கு எப்ப வாய் வந்து?”

கார்த்திகை முடிந்து மார்கழியும் பிறந்தாயிற்று. ஷட்டர் எங்களுடையதாகவே இருக்கிறது. கவரிங் கடைக்காரர் இரண்டு கடை தள்ளி இடம் பிடித்துவிட்டார், ஆளுயரக் கண்ணாடியும் வைத்துவிட்டார். அவரும் சாயங்காலம் டப்பாவில் சோறு கொண்டு வருகிறார். வறுக்கக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள் நிற்கிற நேரத்துக்கு சூப் வாங்கிக் குடிப்பதால், அண்ணாச்சி வாங்கி வந்த அண்டாவும் வீண் போகவில்லை. நித்யா மட்டும் சூப் அண்டா இருக்கிற பக்கம் திரும்புவதில்லை.

ஆகக்கூடி, என்னைப் போல வெட்கத்தோடு கவுண்டரில் நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலையைச் சொல்லும்போது முட்டைக்கோசைப் பார்க்கக் கூடாது, விரலைக் காட்டக் கூடாது, எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி முப்பத்தைந்து என்று சொல்லிவிட வேண்டும், அதைவிட்டால் வேறு — இதோ அண்ணாச்சி வாசலில் நின்று கூப்பிடுகிறார், பலகையும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, அப்படியானால் இனிமேல் முப்பத்தைந்து இல்லை,